துணியா, தகரமா: 1/24 அளவில் ஒரு ஹரிக்கேன் கட்டுதல்

போர்க்கால விமானம் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரியைப் பெரிய அளவில் கட்ட விரும்புகிறவர், கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்குவதற்கு முன் வீட்டு ஷோகேஸை அளந்து பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஹாக்கர் ஹரிக்கேனின் இறக்கை விரிவு 12.19 மீட்டர், நீளம் 9.84 மீட்டர், 1/24 அளவில், அதாவது உண்மையானதில் 24-இல் ஒரு பங்காக, அது ஏறத்தாழ 51 சென்டிமீட்டருக்கு 41 சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டு ஷோகேஸில் அது நுழையவே இல்லை. இடம் குறைவாக இருந்தால் 1/32 போதும்; இறக்கை சுமார் 38 சென்டிமீட்டரில் அடங்கிவிடும்.

அதே காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை விட்டு ஹரிக்கேனைப் பரிந்துரைக்க எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஓட்டியது இதைத்தான். மேலும், இதன் முன்பகுதியும் இறக்கையும் உலோகத் தகடு போர்த்தவை; விமானி அறைக்குப் பின்னே வால் வரை எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சட்டங்கள், அவற்றின் மேல் துணி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை தானாகவே ஒழுங்காகும்.

எந்த ஆண்டு, எந்தப் போர்முனை என்பதைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 1944-இன் பர்மா முனை விமானம் என்றால் வட்டச் சின்னத்தில் சிவப்பு இருக்கக் கூடாது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பித் தம்மவரே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பை நீக்கிவிட்டு, அடர்நீலமும் வெளிர்நீலமும் மட்டும் தீட்டினார்கள். டெல்லிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேனை நேரிலேயே பார்க்கலாம்.

பாகங்களை அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும் முன் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. எதையும் ஒட்டுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பால் சேர்த்துப் பொருத்திப் பார்க்கவும்.

உட்பகுதியில்தான் பெரிய அளவின் சுவை இருக்கிறது. ஹரிக்கேனின் விமானி அறைக்கு முறையான தரை கிடையாது. விமானியின் குதிகாலுக்கு இரண்டு தடங்கள் மட்டுமே, அவற்றுக்குக் கீழே குழாய்ச் சட்டம் வெறுமையாகத் தெரியும். ஆகவே குழாய்களுக்கு வெள்ளி நிறம் பூசி, இடுக்குகளில் மட்டும் நீர்த்த கறுப்பை ஓட விட்டால் ஆழம் கிடைக்கும். இருக்கை வார்களுக்கு மாஸ்கிங் டேப்பை 2 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி, மங்கலான காக்கி பூசி, ஊசி முனையால் துளை வரிசை குத்துங்கள். வார்கள் விறைப்பாகக் கிடந்தால் பொம்மைத்தனம் வந்துவிடும்; இருக்கையின் மேல் தளர்ந்து சரிந்து கிடக்க வேண்டும்.

எஞ்சினைத் திறந்து காட்டுவதாக இருந்தால், ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினில் 12 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக 24 மின்கம்பிகள் வேண்டும். இதற்கென்று வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் 30 கேஜ் செம்புக் கம்பியின் துண்டுகளைக் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். அதன் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர், 1/24 அளவுக்கு அளந்து வைத்தது போலப் பொருந்தும்.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டியபின் மூட்டுக்குப் புட்டி வைத்து, நீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். தகட்டுப் பகுதியில் தேய்ந்துபோன கோடுகளைக் கத்தி முனையால் மறுபடி கீறிக்கொள்ளலாம். துணிப் பகுதியிலோ மரச் சட்டங்களின் மேடு மென்மையாகத் தெரிய வேண்டுமே தவிர, கூர்மையான கோடு எதுவும் வரக் கூடாது. சில கிட்களில் துணி கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்து கிடக்கும். உண்மையில் துணிக்கு டோப் என்னும் இறுக்கும் பூச்சைப் பூசியதே அது முரசுத் தோல் போல இறுகி நிற்பதற்காகத்தான். ஆகவே அந்தத் தொய்வைத் தேய்த்துக் குறையுங்கள்.

வண்ணம் பூசுவதில் நம் ஊர் வெயிலோடு போராட வேண்டியிருக்கும். வேலூரை வெயிலூர் என்பது வேடிக்கைக்காக மட்டுமல்ல. கத்திரி வெயில் நாளில் நண்பகலில் அக்ரிலிக் பெயின்டை ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். துளி உடலைத் தொடுவதற்குள் காற்றிலேயே உலர்ந்து, மேற்பரப்பு முழுவதும் உப்புத்தாள் போலாகி, அத்தனையையும் உரித்தெடுக்க நேர்ந்தது. இப்போது விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு கலந்து, மெல்லிய பூச்சுகளாக அடிக்கிறேன். சாம்பல் நிறப் பிரைமர் ஒரு நாள் உலர்ந்தபின், கீழ்ப்புறத்துக்கு நடுத்தரச் சாம்பல், மேற்புறத்துக்கு மண்பழுப்பு, கடைசியில் கரும்பச்சை என்பது வரிசை.

டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டீக்காலை நனைக்காதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் உலர்ந்ததும் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். கேன் தண்ணீர் ஒரு கிண்ணம் போதும்.

இனி, பழமை ஏற்றுதல். என் முதல் ஹரிக்கேனில் மூக்கிலிருந்து வால் வரை வெள்ளிப் பெயின்டால் கீறல்கள் வைத்து, அதைப் பெருமையோடு கம்மவான்பேட்டையில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். இளமையில் விமானப்படையில் டைகர் மாத் பயிற்சி விமானங்களுக்குத் துணி ஒட்டியவர் அவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வால் பக்கத்தை விரலால் தொட்டார். “ஏம்பா, இது துணியாச்சே! துணி கிழிஞ்சா தகரமா தெரியும்?” என்றார். பதில் சொல்ல வாயில்லை.

அன்று முதல் என் முறை இதுதான். வெள்ளிக் கீறலை எஞ்சின் மூடி விளிம்புகளிலும், பராமரிப்புக் கதவுகளைச் சுற்றியும், விமானி ஏறி மிதிக்கும் இடப்பக்க இறக்கை உடலோடு சேரும் இடத்திலும் மட்டும், பஞ்சுத் துணுக்கால் ஒற்றி வைக்கிறேன். பின்னுடல், வால், சுக்கான் ஆகிய துணிப் பகுதிகளில் கீறல் கிடையாது. அங்கே அடிநிறத்தோடு சிறிது வெள்ளை கலந்து, மேடுகளின் மேல் வெயிலில் வெளுத்தது போல மெல்ல அடித்தால் போதும். புரொப்பெல்லர் அலகுகள் பல விமானங்களில் மரத்தாலானவை. உங்கள் விமானத்தில் அப்படியென்றால் அங்கும் வெள்ளி வேண்டாம். புகைபோக்கிகளின் பின்னே படியும் கறையைக் கறுப்பாக அல்லாமல், பழுப்பும் சாம்பலும் கலந்து, விமானி அறையின் பக்கவாட்டில் நீள இழுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே மேட் வார்னிஷ். விமானி அறைக் கண்ணாடியைக் கடைசியில் ஒட்டுங்கள். ஃபெவிகுயிக் வகைப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி பனி மூடியது போல மங்கிவிடும் என்பதால், மரவேலைக்கு உதவும் வெள்ளைப் பசையே நல்லது. முடிந்ததும், பாலாற்றுப் புழுதி படியும் முன், மீன்தொட்டி செய்யும் கடையில் 58-க்கு 48 சென்டிமீட்டர், 25 உயரத்தில் அடிப்பக்கம் இல்லாத கண்ணாடிப் பெட்டி ஒன்று சொல்லி வாங்கி, அதைக் கவிழ்த்து மூடி வையுங்கள்.