சைடு வீலோடு பெடலையும் கழற்றுங்கள்: பிள்ளைக்கு சைக்கிள் பழக்கும் வழி

சைடு வீல் போட்ட சைக்கிளில் பிள்ளை எத்தனை மாதம் சுற்றினாலும் பேலன்ஸ் வராது. திரும்பும்போது சைக்கிள் சாய வேண்டும். சைடு வீல் சாயவே விடாது. அதனால் கழற்றிய அன்றைக்குப் புதிதாகத் தொடங்குவது போலத்தான் இருக்கும். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடும் வழியில் பெரியவன் கற்றுக்கொண்டான். அவன் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சின்னவளுக்கு வேறு வழி பார்த்தோம். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, காலால் தரையை உந்தி ஓட்டவிடுவது. முதலில் பேலன்ஸ், பிறகுதான் மிதிப்பது.

இடம்

வடசென்னையில் இதுதான் பெரிய பாடு. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை பக்கம் நினைக்கவே வேண்டாம், கன்டெய்னர் லாரிகளின் ராஜ்ஜியம். ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள்; மீன் வாங்க வரும் கூட்டத்தில் நடக்கவே இடமிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தக் கூட்டம் கொஞ்சம் குறையும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆனால் வெயில் ஏறுவதற்குள், காலை ஆறு மணிக்கெல்லாம் தொடங்கிவிட வேண்டும். கிரவுண்டை விடியும்போதே கால்பந்து பையன்கள் பிடித்துவிடுவார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

எனக்குப் பிடித்த இடம் கல்யாண மண்டப பார்க்கிங். ஆடி மாதம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சைக்கிள் அளவு

'வளர்ற பிள்ளை' என்று யூனிஃபார்ம் எடுப்பதுபோல் பெரிய சைஸ் எடுக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அதற்கு சீட்டைக் கடைசி வரை இறக்குங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் அந்த சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 16 இன்ச் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பெடல் கழற்றுவது

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எங்களுக்கும் ஒரு காலைப் பொழுது இதிலேயே போனது.

வலது பெடல் எல்லா நட்டையும் போல இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் இடது பெடலை வலது பெடல் மாதிரியே திருப்பினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவோம்.

இடது வலது என்று குழம்பாமல் இருக்க ஒரே விதி: ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டி, பின்சக்கரம் பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலும் கழலும். மாட்டும்போது முன்சக்கரம் பக்கமாக.

தள்ளும்போது கிராங்கும், அதாவது பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையும், கூடவே பின்னால் சுற்றும். பிரேக் பிடித்தும் பயனில்லை, பின்னோக்கி மிதித்தால் சக்கரத்தைச் சுற்றாமல் ஃப்ரீவீல் தனியாக ஓடத்தானே செய்யும்? எதிர்ப்பக்கப் பெடலை ஒருவர் காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். செயின் பக்கம் கழற்றும்போது கைக்கு ஒரு பழைய துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் கை நேராகப் பல்சக்கரத்தில்தான் போய் இடிக்கும்.

ஸ்பேனர் 15-ஆம் நம்பர், வாய் மெலிதாக இருக்க வேண்டும். கனமான வாய் பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவில் நுழையாது. ஸ்குரூ ஸ்பேனரை நான் தொடவே விடமாட்டேன், முனையை உருட்டிவிடும். கடற்காற்று அடிக்கிற ஊர், மரை துருப்பிடித்திருக்கும். முந்தின நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடித்துவையுங்கள். மண்ணெண்ணெய் இருந்தால் அதுவும் சரிதான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி சேர்ந்து பிசுபிசுத்துவிடும்.

உருட்டவிடுவது

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும். டயரில் காற்று நிறைய இருக்க வேண்டும், காற்று குறைந்தால் உருளவே உருளாது.

முதலில் சீட்டில் உட்கார்ந்தபடி நடக்கட்டும். பிறகு இரண்டு காலாலும் ஒன்றாக உந்தட்டும். "சாய்ற பக்கம் ஹேண்டிலைத் திருப்பு" என்றெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை, உடம்பு தானே கண்டுபிடிக்கும். ஹேண்டிலை நீங்கள் பிடிக்கவே கூடாது. பயந்தால் அக்குள் பக்கம் லேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: தூரமாகப் பார். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்களோ அதன்மேலேயே போய் மோதுவார்கள். "அங்க ஆட்டோ நிக்குது பாரு" என்று கத்தினால் ஆட்டோவைப் பார்க்கும், ஆட்டோவில்தான் இடிக்கும். "அம்மாவைப் பாரு" என்று காலி இடத்தில் போய் நில்லுங்கள்.

காலைத் தூக்கிக்கொண்டு ஐந்து எண்ணும் வரை உருண்டால் பேலன்ஸ் வந்துவிட்டது. பெடலை மாட்டுவதற்கு முன் பிரேக் பழக்குங்கள். லீவரில் பிள்ளையின் விரல் எட்டுகிறதா பாருங்கள். லீவர் பக்கத்தில் சின்ன ஸ்குரூ இருந்தால் அதைத் திருகி லீவரை உள்ளே கொண்டுவரலாம். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் குப்புற விழும்; இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பெடல் மாட்டி

பெடலின் தண்டு முனையில் 'எல்', 'ஆர்' என்று பொறித்திருக்கும், எல் இடப்பக்கம். மரையில் துளி கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு மசியவில்லை என்றால் கோணலாக நுழைகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். கடைசியில் பிரேக் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குங்கள்.

வலது பெடல் கடிகாரத்தில் 2 மணி முள் இருக்கும் இடத்தில் நிற்கட்டும். அதை ஒரு மிதி மிதித்தாலே வண்டி கிளம்பும். "விட்டுடாத பா" என்று சின்னவள் கத்தியபோது அவள் அப்பா பிடித்திருக்கவே இல்லை.

பின்சேர்க்கை

1. ஸ்பேனர் வைக்கப் பெடல் தண்டில் பட்டையே இல்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். கிராங்கின் உள்பக்கம் அறுகோணக் குழி இருக்கும். 6 அல்லது 8 எம்எம் ஆலன் கீ. அதற்கும் அதே 'மேலிருந்து பின்சக்கரம் பக்கம்' விதிதான்.

2. கோணலாக ஏற்றி மரை போய்விட்டால் வெல்டிங் வைக்காதீர்கள். கிராங்கை மாற்றிவிடுங்கள்.

3. இன்னொரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண், தெருப் பையன்கள் பார்க்கிறார்கள் என்று கூச்சப்படுகிறாளாம். அவளுக்கும் இதே முறைதான், விடியற்காலையில் மண்டப வாசல். அக்காவுக்குப் பதினோராம் வகுப்பில் கொடுத்த இலவச சைக்கிளிலேயே பழகலாமா என்றும் கேட்டிருந்தார்கள். சீட்டை இறக்கி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா? படிந்தால் தாராளமாக. இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சின்ன சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பேலன்ஸ் வந்தபிறகு அக்காவின் சைக்கிளுக்கு மாறிக்கொள்ளலாம்.