லினக்ஸ் பேக்கப்: எடுக்கும்போது சத்தமில்லை, திரும்ப வைக்கும்போதுதான் சிக்கல்

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களையே வெள்ளம் இழுத்துப்போனது. எங்கள் கோயில் அலுவலகக் கணினியும் நனைந்து போயிற்று. தைப்பூசத்துக்குப் பத்தே நாள். “பேக்கப் இருக்குல்ல தம்பி?” என்றார் மாமா. இருந்தது. வெளி டிஸ்கிலிருந்து காவடி எடுப்பவர்கள் பட்டியல் கிடைத்துவிட்டது. ஆனால் மொத்தமாகத் திரும்ப வைத்த லினக்ஸ் மின்ட் (அந்தக் கணினியின் இயங்குதளம்) எழவே இல்லை.

தப்பு என்னுடையது. அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற வகையில் ஃபார்மட் செய்தது; விண்டோஸும் படிக்கும் வகை அது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை ஓடும்போது ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ (இதற்கு அனுமதியில்லை) என்று வரிவரியாக வந்ததைப் படிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். கோப்பின் உரிமையாளர், அனுமதி, குறியீட்டு இணைப்பு (வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) மூன்றையும் எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளாது. இன்றைய மின்டில் கணினி இயங்கத் தேவையான ‘பின்’, ‘லிப்’ கோப்புறைகளே ‘யூஎஸ்ஆர்’ உள்ளே போகும் இணைப்புகள்தாம். அவை இல்லாமல் கணினி எப்படி எழும்?

படி 1: மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து வெளி டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். அதன் வகை கீழே தெரியும். ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்றால், உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, லினக்ஸின் சொந்த வகையான ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸுக்கும் அதே டிஸ்க் வேண்டுமா? எக்ஸ்ஃபேட்டாகவே இருக்கட்டும், ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்து எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாக, அதாவது ஒரே பொட்டலமாக, கட்டிப் போடுங்கள். அனுமதிகள் பொட்டலத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். ஃபேட்32 மட்டும் வேண்டாம், 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை அது ஏற்காது.

படி 2: மின்டின் பேக்கப் செயலியான டைம்ஷிஃப்ட்டில் ஆர்சிங்க் முறையைத் தேர்ந்து அந்த ஈஎக்ஸ்டி4 டிஸ்கைக் காட்டுங்கள். அது கணினி அமைப்பை மட்டும்தான் காக்கும்; நாமாகச் சேர்க்காவிட்டால் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைத் தொடாது. கணக்கு, புகைப்படம் எல்லாவற்றையும் தனியாக எடுங்கள்.

படி 3: பென்டிரைவிலிருந்து ஓடி டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லாவைப் பயன்படுத்துவோர் பழைய பென்டிரைவை நம்பவேண்டாம். 2023இல் வந்த ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47 (ஈஎக்ஸ்டி4ஐ ஃபார்மட் செய்து சோதிக்கும் கருவித்தொகுப்பு), புதிதாக ஃபார்மட் செய்யும் ஈஎக்ஸ்டி4இல் சில புது வசதிகளைத் தானாகவே சேர்த்தது. பழைய கருவிகள் அந்தப் பார்ட்டிஷனை (டிஸ்கின் பகுதியை) சோதிக்க மறுக்கும். குளோன்சில்லாவின் புதுப் பதிப்பைப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது.

படி 4: கையால் நகலெடுத்ததைப் புதிதாக ஃபார்மட் செய்த டிஸ்கில் வைத்தால், பார்ட்டிஷனின் யூயூஐடி (அதற்கென உள்ள அடையாள எண்) மாறியிருக்கும். லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவில்) கணினியைத் தொடங்கி, பிஎல்கேஐடி கட்டளை காட்டும் புது எண்ணை ‘ஈடிசி’ கோப்புறையில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் பழையதற்குப் பதிலாக எழுதுங்கள். பிறகு லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப்பை மறுபடி நிறுவுங்கள்.

இன்னொன்று: லினக்ஸ் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால் நினைவு வைக்கும். மின்டில் முதல் பயனர் 1000, அடுத்தவர் 1001. முன்பு மாமா முதல் பயனராக இருந்து, புதிதாக நிறுவும்போது என் கணக்கை முதலில் உருவாக்கினால் என்ன ஆகும்? மாமாவின் கோப்புகள் எல்லாம் என் பெயரில் வந்து நிற்கும். பழைய வரிசையிலேயே பயனர்களை உருவாக்குங்கள்.