பழைய புல்லட்டில் மின்பழுதை அளந்து கண்டுபிடிக்கும் முறை

பழைய வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகாமல் போனால் முதலில் பேட்டரியை மாற்றுவதும், அதிலும் சரிவராவிட்டால் பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் அதற்குத் துணையான கண்டென்சரையும் மாற்றுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இப்படி மாற்றிக்கொண்டே போனால் கைப்பணம் கரையுமே தவிர, பழுது அகப்படாது. முப்பது நாற்பது ஆண்டு வெயிலும் மழையும் கண்ட வண்டியில் பெரும்பாலும் கெட்டிருப்பவை ஒயர் முனைகளும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தும்தான் என்பதால், ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் எதையும் வாங்காமலேயே பழுதின் இடத்தைக் கண்டுவிடலாம். இங்கே விளக்கப்படுவது, திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் 12 வோல்ட் பேட்டரியும் பாயிண்ட் இக்னிஷனும் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் தொடுமுனைகள்தான் பாயிண்ட்) நெகட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் நெகட்டிவ் வண்டியின் உடம்போடு இணைந்திருப்பது) கொண்ட வண்டிக்கு உரியது.

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி. பேட்டரிக்குள் இருக்கும் 6 செல்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருபவை என்பதால், எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் 10.5-லேயே நிற்கும் பேட்டரியில் ஒரு செல் செத்துவிட்டது என்று கொள்ளலாம், அதை மாற்றத்தான் வேண்டும். சும்மா இருக்கும்போது நல்ல அளவு காட்டும் பேட்டரியையும் முகப்பு விளக்கைப் போட்டு மறுபடி அளப்பது அவசியம், ஏனெனில் வலுவிழந்த பேட்டரியின் உண்மை சுமை ஏறும்போதுதான் வெளிப்படும். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, இறுக்கிய பிறகே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

பியூஸ் போயிருந்தால் புதியதைப் போடலாம். அதுவும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அப்போது பெரிய பியூஸையோ, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ வைத்து ஓட்டக் கூடாது, ஒயரிங் முழுவதும் எரிந்துவிடும். அதற்குப் பதிலாக, பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயரால் இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும். ஹாரன், பிரேக் லைட், டெயில் லைட் என்று ஒவ்வொன்றின் இணைப்பையும் கழற்றிக்கொண்டே வரும்போது, எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அல்லது அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஒயர் எங்கோ இரும்பில் உரசியிருக்கிறது.

பழைய வண்டியில் அதிகம் ஏமாற்றுவது எர்த். பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் மங்குகிறது, ஹாரன் அடித்தால் விளக்கு துடிக்கிறது என்றால், மின்சாரம் திரும்பி வர நல்ல வழியில்லாமல் வேறொரு பல்பின் வழியாகச் சுற்றி வருகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மற்றதை எஞ்சின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்து, விளக்குகள் எரியும்போது அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரின் கண்ணியைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பெயிண்டையும் துருவையும் களிம்பையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துத் திரும்ப இறுக்க வேண்டும். அதே சோதனையை முகப்பு விளக்கின் கூட்டிலும் செய்யுங்கள். விளக்குக்குத் தனி எர்த் ஒயர் இல்லாத வண்டியில் ஹேண்டில்பார் திரும்ப உதவும் குண்டுகளான பால்ரேஸும் அதன் கிரீசும்தான் எர்த்துக்கு வழி. அங்கே ஒரு ஒயரைத் தனியாக இழுத்துவிடுவதைப் போலப் பயன் தரும் வேலை வேறில்லை.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு, முகப்பு விளக்கின் மேலே பதித்திருக்கும், மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரே சிறந்த கருவி என்பது பலருக்குத் தெரிவதில்லை. விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டு, எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்பிரசரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல மெல்ல இறக்குங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் ஏறத்தாழ 3, 4 ஆம்பியர் சாய்ந்து, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பாயிண்ட்டின் முகத்தில் எண்ணெயோ கரியோ படிந்திருக்கிறது. சாய்ந்த முள் திரும்பவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. வண்டியின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இந்த அம்மீட்டர் வழியாகவே போவதால், அதன் பின்னால் இருக்கும் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துவிட வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருப்பது சரி. பாயிண்ட் மூடியிருக்கையில் அதன் ஒயரிலிருந்து எஞ்சின் உடம்புக்கு அளந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே முகத்தைத் தேய்த்துத் துடைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பாயிண்ட்டில் பொறி பளிச்சிட்டுத் தெறித்தால் கண்டென்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சார்ஜிங்கைச் சோதிப்பது எளிது. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரி முனைகளை அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதும் அதனால்தான். 12.6-லிருந்து ஏறவே இல்லை என்றால் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் ஒயர்களின் கனெக்டர் கருகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு அந்த மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிபையருக்குப் போகலாம்.

வந்து வந்து மறையும் பழுதுதான் மனிதரைச் சோதிப்பது. நண்பர் ஒருவரின் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போது வளைவில் அணைந்துபோகும், சிறிது நேரத்தில் தானே ஸ்டார்ட் ஆகும். காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் அதற்குள் மாற்றப்பட்டிருந்தன. சாவியைப் போட்டு ஹேண்டில்பாரை மெதுவாக இடப்பக்கம் திருப்பிய போது, கடைசி இரண்டு விரற்கடையில் அம்மீட்டர் முள் சட்டென்று நடுவுக்கு விழுந்தது. கழுத்துப் பகுதியில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து ஒவ்வொரு ஒயராக இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் ரப்பரைப் போல நீண்டது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. பிளேடால் நீளவாக்கில் கீறியதும் உள்ளேயிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது. இழைகளில் இரண்டே இரண்டுதான் அறாமல் இருந்தன.

இத்தகைய ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது சில மாதங்களுக்கே தாங்கும். செப்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, அதே தடிமனுள்ள புதிய ஒயரைச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சுருங்கும் குழாயைப் போட வேண்டும். பற்றவைத்த இடம் வளையாது என்பதால் அது கழுத்துக்கு நேராக வராதபடி தள்ளி வைத்து, ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு ஒயரைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். கடைசியாகப் பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு இரண்டு பக்கமும் திருப்பி, சாய்ந்த முள் சாய்ந்தபடியே அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு டேப்பைச் சுற்றலாம்.