பழைய சீரியலைத் துப்பறிந்து பார்ப்பது எப்படி?

பழைய குடும்பத் தொடர்களைப் பற்றிய துணுக்குகளை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். அதே விஷயத்தை நாமே திரையில் பிடிப்பதுதான் ருசி. பயிற்சிக்கு 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி'யை எடுத்துக்கொள்வோம். 1974 முதல் 1983 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஓடிய தொடர். மின்னசோட்டாவின் வால்நட் க்ரோவ் என்ற சிற்றூரில் வாழும் இங்கால்ஸ் குடும்பத்தின் கதை. அப்பாவாக நடித்த மைக்கேல் லாண்டன்தான் தயாரிப்பிலும் எழுத்திலும் இயக்கத்திலும் முன்நின்றவர்.

படி 1: டைட்டிலை ஓட்டிவிடாதீர்கள்

மூன்று சிறுமிகள் புல்சரிவில் ஓடி வருகிறார்கள். கடைக்குட்டி கேரி தடுக்கிக் குப்புற விழுகிறாள். நடிப்பில்லை, குழந்தை நிஜமாகவே விழுந்தது. கூடவே கேரியாக நடித்தவரின் பெயரையும் பாருங்கள்: லிண்ட்சே சிட்னி க்ரீன்புஷ். ஒரே ஆளின் பெயர் போலத் தெரிகிறதா? லிண்ட்சே, சிட்னி என்ற இரட்டையர் அவர்கள். குழந்தை நடிகரை ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் உண்டு. இரட்டையர் என்றால் ஒருத்தி ஓய்வெடுக்கும்போது இன்னொருத்தி நடிக்கலாம். எந்தத் தொடரிலும் கைக்குழந்தையைக் கண்டால் முதலில் இந்தச் சந்தேகம் வரட்டும்.

படி 2: முகங்களை விட்டுப் பின்னணிக்குப் போங்கள்

வெளிப்புறக் காட்சி ஒன்றை நிறுத்திவைத்துப் பாருங்கள். கதை நடக்கும் பகுதி சமவெளி. திரையிலோ காய்ந்துபோன பழுப்புக் குன்றுகள். படம்பிடித்தது கலிஃபோர்னியாவின் சிமி வேலியில், பிக் ஸ்கை ராஞ்ச் என்ற பண்ணையில். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்தக் குன்றுகள் விடவே விடாது.

படி 3: தலையையும் கையையும் கவனியுங்கள்

பணக்கார வில்லிச் சிறுமி நெல்லியின் சுருள்முடி, விக். அவள் நடக்க முடியாததுபோல் நடிக்க, இங்கால்ஸ் வீட்டுப் பெண் லாரா சக்கர நாற்காலியோடு அவளை மேட்டிலிருந்து உருட்டிவிடும் எபிசோடு பிரசித்தம். அந்தச் சமயத்தில் நெல்லியாக நடித்த அலிசன் ஆர்ன்க்ரிமுக்கு உண்மையிலேயே கையில் எலும்பு முறிவு. ஸ்கேட்போர்டில் விழுந்ததால் வந்தது. கட்டுப் போட்ட கையை எங்கே ஒளிக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே பாருங்கள். காட்சியே வேறு மாதிரி தெரியும்.

படி 4: கதையில் விசித்திரமாக ஏதாவது நடந்தால், 'செட்டுக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. 1984 பிப்ரவரியில் வந்த 'த லாஸ்ட் ஃபேர்வெல்' டிவி படத்தில், ஊர் நிலம் முழுவதும் ஒரு பணக்காரனுடையது என்று தெரியவருகிறது. அவனுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல், மக்கள் தாங்கள் கட்டிய கட்டடங்களைத் தாங்களே வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். சாதுவான குடும்பத் தொடருக்கு இப்படி ஒரு முடிவா? காரணம் வெளியே இருந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் நிலத்தைப் பழையபடி திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். எப்படியும் இடிக்கத்தான் போகிறோம் என்றதும் லாண்டன் அந்த இடிப்பையே கதையாக்கிவிட்டார். வெடித்தவை நிஜ செட்டுகள். தேவாலயமும் அந்தச் சின்ன வீடும் மட்டும் தப்பின.

படி 5: எடுத்த தேதியும் ஒளிபரப்பான தேதியும் ஒன்றல்ல

அதே ஆண்டு டிசம்பரில் தொடரின் கிறிஸ்துமஸ் படம் ஒளிபரப்பானது. பிப்ரவரியில் தூள்தூளான வால்நட் க்ரோவ், அதில் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கும். குழம்ப வேண்டாம். வெடிவைப்பதற்கு முன்பே எடுத்து வைத்த படம் அது.