நீலகிரித் தைலம்: வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஊட்டி போய்விட்டு வருபவர்களின் பையில் வர்க்கியோடு ஒரு தைல பாட்டிலும் இருக்கும். கற்பூர மரம் என்று மலையில் சொல்லப்படும் யூகலிப்டஸ் மரத்தின் இலையைப் பெரிய பாத்திரத்தில் அடைத்து, நீராவியில் வேக வைத்து, வரும் ஆவியைக் குளிர்வித்து எடுப்பது அது. நல்ல பொருள்தான். ஆனால் நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் போல அதைக் கையாளும்போதுதான் விபரீதம் வருகிறது. அந்த எண்ணெய்களில் இருப்பது கொழுப்பு. தைலத்தில் கொழுப்பே கிடையாது. எளிதில் ஆவியாகும் ரசாயனங்கள்தான். நல்ல தரமான தைலத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது சினியோல்.

சினியோல் கெட்டிச் சளியை இளக்கும், வீக்கத்தையும் ஓரளவு தணிக்கும். ஜெர்மனியில் சைனஸ் தொல்லைக்கும் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் இதை மாத்திரையாகவே தருகிறார்கள். அந்த மாத்திரையில் இருப்பது 100 அல்லது 200 மில்லிகிராம். நம் வீட்டுத் தைலத்தில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் 3 கிராமுக்கு மேல் சினியோல் இருக்கும். "மாத்திரையாகவே தருகிறார்களே, நாம் வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டுக் குடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சொட்டு எப்போது கரண்டியாகும் என்று சொல்ல முடியாது. குடிக்கவே வேண்டாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது கைக்குழந்தைகள் விஷயம். மூக்கடைத்துத் தவிக்கும் பிள்ளைக்கு மூக்கின் கீழே தைலம் தடவுவது, தலையணையில் தெளிப்பது எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் சினியோல், கற்பூரம், மெந்தால் மூன்றின் நெடியும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுப்பாதையைச் சட்டென்று இறுகச் செய்துவிடலாம். உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் விலகியிருப்பது நல்லது. தைலத்தை முகர்ந்ததும் தடவியதுமே வலிப்பைத் தூண்டியதாக நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கும் இந்த நெடி ஆகாது.

அடுத்தது ஆவி பிடிப்பது. தைலம் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். கொதிக்கிற நீரில் நாலைந்து மூடி ஊற்றிவிட்டுப் போர்வைக்குள் குனிந்தால், மொத்த நெடியும் முதல் நிமிடத்திலேயே கண்ணிலும் மூக்கிலும் அடிக்கும். ஓரிரு சொட்டு போதும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள். வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் நிறைய. இன்னொன்று, மூக்கு 'ஜில்'லென்று திறந்த மாதிரி தெரிவதால் அடைப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தைலம் தூண்டுவதால் வரும் உணர்வு அது. இன்னும் அடைத்திருக்கிறதே என்று மேலும் மேலும் ஊற்றுவதில் பயனில்லை.

தோலில் நேரடியாகத் தேய்ப்பதும் தவறு. பெரியவர்களுக்கு 5 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 சொட்டு கலந்தால் போதும். முதலில் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். குளிக்கும் வாளியில் சொட்டு விடுவதாலும் தைலம் நீர்த்துப்போகாது, மிதக்கிறபடியே வந்து தோலில் ஒட்டும். எலுமிச்சை வாசம் வீசும் யூகலிப்டஸ் தைலம் வேறு மரத்தினுடையது. அதில் பெரும்பங்கு சிட்ரோனெல்லால். சளிக்கென்று அதை வாங்க வேண்டாம்.

வெயில் படும் அலமாரியில், மூடி சரியாக மூடாத பாட்டிலில் வருடக்கணக்கில் கிடக்கும் தைலம் காற்றுபட்டு மாறி, தோலில் அரிப்பைக் கிளப்பலாம். அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும். இருமல் மருந்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் மருந்து என்று நினைத்துத் தைலத்தைப் புகட்டிவிடுகிற ஆபத்து இருக்கிறது.

அப்படிக் குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும் தைலம் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். பால் கொடுத்துப் பார்ப்போம், கொஞ்ச நேரம் கவனிப்போம் என்றும் காத்திருக்க வேண்டாம். அரை மணி நேரத்துக்குள்ளேயே மயக்கமோ வலிப்போ வரலாம். 108-ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.