ஆடு இளைத்தால் சீசன் மேல் பழி போடாதீர்கள்

சித்திரையில் தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் போனால், கொழுக்கட்டைப்புல் வெறும் கட்டையாக நிற்கும். ஆட்டின் முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டும். “சீசனுக்கு உடம்பு தானா எளைக்குமாமா மாப்ள, போன்ல பாத்தனுங்க” என்றார் மாமா. சோளத்தட்டுச் செலவு மிச்சம் என்ற கணக்கு முகத்தில் தெரிந்தது.

அவர் பார்த்தது பொய்யில்லை. ஊர்தான் வேறு.

சைபீரிய ஹாம்ஸ்டர் என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எலி. அது இளைத்தால் தீனிப் பஞ்சம் என்று நினைப்பதுதான் தவறு. கூண்டு நிறையத் தீனி கிடந்தாலும், விளக்கெரியும் நேரத்தைக் குளிர்காலப் பகல் மாதிரி 16 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தால் சில மாதங்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இறங்கிவிடும்; போவதில் பெரும்பங்கு கொழுப்பு. இன்னும் விசேஷம் உண்டு. நடுவில் கொஞ்ச நாள் அரைவயிறு போட்டு, அப்புறம் தாராளமாகக் கொடுத்தால் பழைய எடைக்கு ஏறாது. அந்தத் தேதிக்கு எவ்வளவு இருந்திருக்குமோ, அதோடு நின்றுகொள்ளும். மூளைக்குள் காலண்டர் தொங்குகிற மாதிரி! உடம்பில் கொழுப்பு குறைந்ததை மூளைக்குச் சொல்வது லெப்டின் என்ற ஹார்மோன், 1994இல் கண்டுபிடித்தார்கள். குளிர்கால ஹாம்ஸ்டரிடம் அது குறைந்தும் பசி கிளம்புவதில்லை.

இருட்டில் மூளையில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைப் பசியடக்கும் மருந்தாக நினைப்பதும் தப்பு. இரவு எவ்வளவு நீளம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். அதே சேதியைக் கேட்டு, வேறோர் இனமான சிரியா நாட்டு ஹாம்ஸ்டர் கொழுக்கிறது. சேதியை வைத்து, பசியைக் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் தன்னிடத்தில் தைராய்டு ஹார்மோனைக் கூட்டிக் குறைக்கிறது. அதற்குத் தக்கபடி பசி மாறுகிறது.

சரி, நம் பட்டிக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் சோய் என்ற செம்மறி ஆட்டுக்குக் கோடையில் பசி ஏறும், குளிரில் இறங்கும். எடின்பரோவில் டிசம்பர் பகல் சுமார் 7 மணி நேரம், ஜூனில் 17க்கு மேல். கோயம்புத்தூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணிதான். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் ஆடு பட்டினிதான் கிடக்கும். நம் ஆட்டை ஏற்றி இறக்குவது மழையும் புல்லும்.

சந்தேகமிருந்தால் ஒரு கூடை தீனி வைத்துப் பாருங்கள். மாமாவின் கிடாய் கூடையையே முட்டித் தள்ளியது. நன்றாகத் தின்றும் தேறவில்லையென்றால் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் குடற்புழு இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.