வேலி சரி, தண்ணீர் மட்டும் கலங்கல்: சிங்கப்பூர் தளத்தில் என் அனுபவம்

மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் எங்கள் கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் நீர் பால் தேநீர் நிறத்திலேயே இருந்தது. சிங்கப்பூரில் பொது வடிகாலுக்குப் போகும் நீரில் கரையாமல் கலந்து நிற்கும் திடப்பொருள் (மண் துகள் போன்றவை) லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் மண் அரிப்புத் தடுப்புத் திட்டமோ கட்டுமானத் தள மழைநீருக்கான அமெரிக்கக் கூட்டாட்சி அனுமதியின் விதிகளைப் பார்த்து வரைந்தது. அங்கே நாள் கணக்குதான் பிரதானம்: வேலை நின்ற மண்ணை, கிளறிய பரப்பு 5 ஏக்கர் வரை என்றால் 14 நாளில், அதற்கு மேல் என்றால் 7 நாளில் அரிக்காதபடி மூடி நிலைப்படுத்த வேண்டும். இங்கே அளவிடுவது வெளியேறும் நீரை.

முதலில் சில்ட் ஃபென்ஸ், அதாவது சேற்றைத் தடுக்கும் துணி வேலி, இன்னொரு வரிசை. அடித்துணி 15 செ.மீ. ஆழம் புதைத்தும் பலனில்லை. 2 மைக்ரானுக்கும் நுண்ணிய களிமண் துணியில் நிற்காது. சேறு படியவிடும் குட்டையைப் பெரிதாக்கியதும் வீண்.

கோளாறு குட்டை நீரை வெளியேற்றும் பம்ப்பில். உறிஞ்சு குழாயின் வாய் குட்டையின் அடியில் கிடந்து, படிந்த சேற்றையே இழுத்தது. அதை மிதவையில் கட்டி, நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே தொங்கவிட்டோம். சரிவை மாலைதோறும் கேன்வாஸால் மூடினோம். மேட்டிலிருந்து வரும் தெளிந்த நீருக்குத் தனி வாய்க்கால். நுண்களிமண்ணைத் திரட்டிப் படியவைக்கும் உறைபொருளின் அளவை ஜாடிச் சோதனையில் (ஜாடிகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்த்து) முடிவு செய்தோம். களிமண் மாறினால் அளவும் மாறும். அடுத்த மழையில், வெளியேறும் நீரின் திடப்பொருளைக் காட்டும் அளவி 50-க்குக் கீழே நின்றது. அப்பாடா!